உடையாத பாகத்தைப் பாருங்கள்: ஒரே சிலிண்டரில் இருமுறை வெடித்த டிராக் ரேஸ் இன்ஜின்

நேர்த் தடத்தில் இரண்டு வண்டிகள் முழு வேகத்தில் பாயும் டிராக் ரேஸில் ஒரு இன்ஜின் வெடித்துவிட்டால், கூடி நிற்கிறவர்கள் கண் எல்லாம் பிளாக்கில் விழுந்த ஓட்டை மேல்தான். ராடு (பிஸ்டனை அடியில் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கை) எட்டிப் பார்க்கிறதா, பிஸ்டன் எத்தனை துண்டாச்சு என்று குனிந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார்கள். "ராடு போல்ட்டு புட்டுக்கிச்சு." "ஆயில் ஏறியிருக்காது." இந்த இன்ஜின்களைப் பிரித்துக் கட்டுவதே பிழைப்பாகிப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இடத்தில் சொல்லும் தீர்ப்பு அபூர்வமாகத்தான் சரியாக இருக்கும். துண்டு துண்டாகக் கிடப்பது கடைசியில் செத்த பாகம். அதைக் கொன்ற பாகம் பல நேரம் கீறல்கூட இல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் வந்த ஒரு வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை வைத்தே இதைச் சொன்னால் விளங்கும். அலுமினியம் பிளாக், சிலிண்டர்களுக்குள் இரும்பு ஸ்லீவ் (உட்குழல்), ஸ்டீல் ராடு. மெத்தனாலில் ஓடுவது, மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் கிடையாது. ஆறாம் சிலிண்டரில் ராடு முறிந்து, பிளாக்கின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அது இரண்டாவது தடவை. முதல் தடவையும் அதே ஆறாம் சிலிண்டர்தான். அப்போது வேறொரு பட்டறையில் கிராங்க்கை கிரைண்டிங் போட்டு, புது ராடு, புது பிஸ்டன், புது பேரிங் (ராடு கிராங்க்கில் சுழல இடையில் வைக்கும் மெல்லிய உலோகப் பட்டை) எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேலையில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது, அளவெல்லாம் ஒழுங்காகவே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அது ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை.

"ரெண்டு தடவையும் ஆயில்தாண்ணே காலி பண்ணியிருக்கு. பம்ப்பைப் பெருசாப் போட்டுருவோம்" என்றார் ஓட்டுநர். ஓட்டத்தின் அளவுகளைப் பதியும் டேட்டா லாகரைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆர்.பி.எம். கோடு செங்குத்தாக விழும் இடம்வரை ஆயில் பிரஷர் கோடு அசையவே இல்லை. ராடு வெளியே போன பிறகுதான் அது சரிகிறது. பம்ப் வாங்கும் பேச்சு அதோடு நின்றது.

முதலில் தடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் தடயம் அங்கேதான் அழிகிறது. சத்தம் கேட்ட நொடியில் இக்னிஷனையும் ஃப்யூயலையும் மூட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று இழுத்தால் ராடு துண்டு கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்து அரைக்கும். வண்டியை ஓடுபாதையின் நடுவிலிருந்து விலக்கிச் சுவரோரம் கொண்டுபோக வேண்டும். ஆயில் சிந்திய தடத்தில் அடுத்து வருகிறவன் டயர் நிற்காது. வண்டி நின்றபின் "சுத்துதான்னு பாப்போம்" என்று ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பட்டறைக்குக் கொண்டுவரும்வரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாதீர்கள். பிளக், நாசில் (எரிபொருள் தெளிக்கும் மூக்கு), புஷ்ராடு (வால்வைத் திறக்க உதவும் கம்பி) எல்லாம் எந்தச் சிலிண்டருடையது என்று எண் எழுதிய பிறகே வெளியே வர வேண்டும். கலந்துவிட்டால் அவை வெறும் பழைய இரும்பு.

பிரிக்கும்போது நான் மேலிருந்து கீழே போவேன். முதலில் வால்வு கவரைத் திறந்து லேஷ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அளப்பேன், சுற்ற முடிந்த அளவுக்காவது. இடைவெளி கூடியிருந்தால் லிஃப்டரோ கேமோ ராக்கரோ தேய்கிறது, இல்லை புஷ்ராடு வளைந்திருக்கிறது. குறைந்திருந்தால் வால்வு நீண்டிருக்கிறது, அல்லது சீட்டுக்குள் இறங்குகிறது. இந்த ஒரு அளவை ஒவ்வொரு ரேஸ் முடிந்தும் எழுதி வைக்கிறவர்களுக்கு இன்ஜின் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடும். இங்கே லேஷ் எல்லாம் ஒழுங்கு. வால்வு பக்கம் குற்றமில்லை.

அடுத்து ஆயில். சம்ப்பில் (இன்ஜினின் அடித்தட்டில்) இருந்ததை அகலமான தட்டில் மெல்ல இறக்கி, காந்தம் போட்டுத் துழாவினேன். காந்தத்தில் ஒட்டுவது ராடு, போல்ட்டு, ரிங், ஸ்லீவ். ஒட்டாமல் வெள்ளையாகப் பளபளப்பது பிஸ்டனும் பிளாக்கும். செம்பு நிறத்தில் மினுங்குவது பேரிங்கின் உள்ளடுக்கு. ஆயில் ஃபில்டரை அதற்கென்று உள்ள கட்டர் வைத்துத்தான் வெட்ட வேண்டும். ரம்பம் போட்டால் ரம்பத்தூளும் பேரிங்தூளும் ஒன்றாகிவிடும். மடிப்புக் காகிதத்தை விரித்துப் பிழிந்து பார்த்தபோது செம்பு நிறத் துகள் நிறைய. அதாவது ராடு முறியும் முன்பே, ஃபில்டர் வழியாக ஆயில் ஓடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, பேரிங் உதிர ஆரம்பித்திருக்கிறது.

இப்போது ராடு. இரண்டு துண்டாகக் கிடைத்தது. பெரிய முனை கருநீலமாக வெந்திருந்தது. இது முக்கியமான தடயம். போல்ட்டுதான் முதலில் போயிருந்தால் ராடுக்கு வேகுவதற்கு நேரமே இருக்காது, உலோகம் தன் நிறத்திலேயே இருக்கும். நீலம் ஏறியிருந்தால் பேரிங் முதலில் சுழன்று, ஆயில் ஓட்டையை அடைத்து, உரசிச் சூடாகி, அதன் பிறகுதான் முறிந்திருக்கிறது. போல்ட்டின் உடைந்த முகத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பலமுறை இழுபட்டு, உலோகக் களைப்பில் முறிந்த போல்ட்டின் முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, சங்கின் மேல் இருப்பதுபோல வரிவரியாக வளையங்கள் படிந்திருக்கும். மிச்சம் கடைசி அடியில் பிய்ந்த சொரசொரப்பு. இதில் அந்த வரிகள் இல்லை. கழுத்து மெலிந்து, இழுபட்டுப் பிய்ந்திருந்தது. ஆக போல்ட்டும் பலிதான், குற்றவாளி இல்லை.

பேரிங் ஏன் சுழன்றது? ஆயில் வற்றியிருந்தால் எல்லா ராடு பேரிங்குகளும், கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குகளும் ஏதோ ஒரு அளவில் தேய்ந்திருக்க வேண்டும். மெயின் எல்லாம் சாம்பல் நிறத்தில் அழகாக இருந்தன. ஐந்தாம் ராடு பேரிங்கில் கீறல் இருந்தது, அது கணக்கில் வராது. ஐந்தும் ஆறும் கிராங்க்கின் ஒரே பின்னில் உட்காருகிறவை, அடுத்த வீட்டுக் குப்பை இங்கேயும் வரத்தான் செய்யும். மற்ற ஆறும் சுத்தம். இந்த இடத்தில் ஒரு விஷயம். ராடு பேரிங் இரண்டு அரைவட்டத் துண்டு; மேல் துண்டு, அதாவது மேல் ஷெல், எரியும் வாயுவின் அடியைத் தாங்குகிறது. கீழ் ஷெல், அதாவது கேப் பக்கம், பிஸ்டனை மேலேயிருந்து இழுத்துத் திருப்பும் சுமையைத் தாங்குகிறது. ஆர்.பி.எம். எல்லை மீறிப் போன இன்ஜினில் கீழ் ஷெல் முதலில் அடிவாங்கும். சிலிண்டருக்குள் எரிப்பு தாறுமாறாகப் போனால் மேல் ஷெல் நசுங்கும். ஆறாம் பேரிங் உருகி ஒட்டிப்போய், அதில் படிக்க எதுவும் மிச்சமில்லை. பிஸ்டனைத்தான் கேட்க வேண்டும்.

பிஸ்டன் தலையின் பெரிய துண்டு ஒன்று சிலிண்டருக்குள்ளேயே சிக்கியிருந்தது. அடிபட்ட நசுங்கலுக்கு நடுவே, எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கத்து ஓரத்தில் உள்ளங்கை மடிப்பளவுக்கு உலோகம் மெழுகாக வழிந்து உறைந்திருந்தது. விரல் நகத்தால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். உடைந்த இடம்போல் குத்தாது. அடியால் உலோகம் உருகாது. சூடு வேண்டும். ஆறாம் சிலிண்டர் எரிபொருள் குறைந்து, அதாவது லீனாக, ஓடியிருக்கிறது.

குற்றவாளி உட்கார்ந்திருந்த இடம்

மெத்தனாலைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். அப்படியென்றால் அதே அளவு காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்ற வேண்டும். அந்த எரிபொருள் ஆவியாகும்போது உறிஞ்சும் சூடுதான் சிலிண்டரைக் குளிர்விக்கிறது. வரத்து குறைந்தால் குளிர்ச்சி போகும், பிளக்கின் முனையோ எக்ஸாஸ்ட் வால்வோ தணலாகும், ஸ்பார்க் வருவதற்கு முன்பே அந்தத் தணலே தீ மூட்டும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளே அழுத்தம் வெடித்தெழும். மெத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்று தைரியமாக இருப்பவர்கள் உண்டு. சாதாரணத் தட்டலுக்கு, அதாவது ஸ்பார்க்குக்குப் பின் மிச்சக் கலவை தானாக வெடிப்பதற்கு, அது அசையாது என்பது சரி, ஆனால் இந்த முன்பற்றலுக்கு எளிதில் இடம் கொடுக்கும். அந்த அடியை வாங்குவது பேரிங்கின் மேல் ஷெல். அடி வாங்கி வாங்கி ஷெல் தன் பிடிப்பை இழக்கும், சுழலும். மிச்சக் கதை மேலே சொன்னதுதான்.

மற்ற ஏழு பிளக்குகளும் ஈரக் கறுப்பு. அதாவது ரிச்சாக, எரிபொருள் அதிகமாக, ஓடியிருக்கின்றன. ஏழு சிலிண்டர் ரிச், ஒன்று மட்டும் லீன். எக்ஸாஸ்ட் ஹெட்டரிலும் ஆறாம் குழாயின் நிறம் மட்டும் வேறு. அப்போதுதான் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இருந்த நாசில்களைக் கழற்றினேன். ஒரு பம்ப் போன்ற பெரிய பாகம் இல்லை இது, சுண்டுவிரல் நுனி அளவுப் பித்தளைத் துண்டு. ஆறாம் நாசிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை பிறைபோலத் தெரிந்தது. உள்ளே வெள்ளையாகக் கூழ் உறைந்ததுபோல ஒரு படிவு. குச்சியால் தட்டியதும் பொடியாகக் கொட்டியது.

இது எங்கிருந்து வந்தது? மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரமான மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும். ரேஸ் முடிந்து லைனில் எரிபொருளை அப்படியே விட்டுவைத்தால், எரிபொருளை அளந்து குழாய்களுக்குப் பிரிக்கும் பேரல் வால்வு, டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் இவற்றின் உள்சுவரில் அந்த வெள்ளைப் படிவு வளரும். எரிபொருள் ஃபில்டர் இதையெல்லாம் பிடிக்குமே என்பார்கள். அந்த ஃபில்டர் எரிபொருள் பம்ப்புக்கு அருகில் இருக்கிறது. படிவு உருவாவது ஃபில்டரைத் தாண்டிய இடத்தில்.

முதல் தடவை உடைந்தபோது மேனிஃபோல்டு, நாசில், குழாய் எதிலும் அடிபடவில்லை. அதனால் துடைத்து எடுத்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். எல்லாப் புதுப் பாகத்துக்கும் மேலே பழைய நாசில்.

இதைவிட வேடிக்கை ஓட்டுநரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனில் பம்ப் தள்ளுவது இன்ஜின் வேகத்தைப் பொறுத்த ஒரு அளவு. அதில் மிஞ்சியதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பாதையில் ஒரு சின்ன ஜெட் இருக்கும், அதை 'பில்' என்பார்கள். பில் துளை பெரிதானால் திரும்பிப் போவது அதிகம், இன்ஜின் லீனாகும். ஒரு நாசில் அடைத்துக்கொண்டால் அதற்குப் போக வேண்டியது மற்ற ஏழுக்கும் பிரிந்து போகிறது. ஏழும் ரிச்சாகின்றன, வண்டி மந்தமாகிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பு. நியாயமாகவே "ரிச்சா ஓடுது" என்று முடிவு செய்து பெரிய பில் போட்டிருக்கிறார்கள். நோட்டில் தேதியோடு இருந்தது. ஏழு சிலிண்டருக்கு நல்லது செய்யப் போய், ஏற்கனவே பட்டினி கிடந்த ஆறாவதன் தட்டிலும் கையை வைத்தாயிற்று. பில் மாற்றுவதற்கு முன் எட்டு பிளக்கையும் வரிசையாக வைத்துப் பார்ப்பது அதனால்தான் அவசியம். கைக்கு எட்டும் இரண்டு பிளக்கை மட்டும் பார்க்கிற பழக்கம் எல்லா டீமிலும் இருக்கிறது, ஆறாவது பல வண்டிகளில் கை நுழையாத இடம்.

நாசில்களைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. எட்டையும் குழாயோடு வெளியே எடுத்து, ஒரே அளவு பாட்டில் எட்டில் விட்டு, எரிபொருள் பம்ப்பை வெளியிலிருந்து சுற்றி, ஒரே நேரம் ஓடவிட்டு மட்டத்தைப் பாருங்கள். மெத்தனால் ஆவியும் தீயும் கண்ணுக்குத் தெரியாது, அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் விஷம். வெட்டவெளியில், கையுறையோடு செய்யுங்கள். ஐடிலில் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுவதும் நல்ல பழக்கம். ஒரு குழாய் மட்டும் விலகி நின்றால் அங்கே கதை இருக்கிறது.

கட்டும் வேலை

காரணம் கையில் கிடைத்த பிறகுதான் பாகங்களுக்குப் பட்டியல் போட்டேன். அதற்கு முன் ஆர்டர் செய்வது அடுத்த உடைப்புக்கு முன்பணம் கொடுப்பது.

கிராங்க்கை, விரிசல் காட்டும் காந்தத்தூள் சோதனைக்கு அனுப்பவே இல்லை. ஏற்கனவே ஒருமுறை கிரைண்டிங் போட்ட பின், இரண்டாம் முறை நீலம் ஏறியிருக்கிறது. நைட்ரைடிங் செய்து கெட்டியாக்கிய மேல்தோல் கிரைண்டிங்கில் போய்விடும். விரிசல் இல்லையென்று சோதனை சொன்னாலும் அதை நான் திரும்பப் போடமாட்டேன். புதுசு வாங்கினோம். ராடு எட்டும் மாற்றினோம், ஓட்டுநருக்கு வருத்தம்தான். "மத்த ஏழும் நல்லாத்தான இருக்கு?" அளந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தன, ஐந்தாவதன் பெரிய முனை மட்டும் வட்டம் தப்பியிருந்தது. ஆனால் எட்டும் ஒரே வயது, ஒரே அதிர்ச்சியை வாங்கியவை. காசு இறுக்கமாக இருந்தால் ஐந்தாவதையும் ஆறாவதையும் மாற்றிவிட்டு, மற்றவற்றுக்கு விரிசல் சோதனையும் புது போல்ட்டும் போட்டு ஓடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தப்பு என்று சொல்லமாட்டேன். எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அலுமினியம் பிளாக்கின் நல்ல குணம், வெல்டிங் ஏற்கும். கிழிந்த ஓரத்தை நல்ல உலோகம் தெரியும்வரை சீவி, ஊறிய ஆயில் முழுவதும் வெளியேறும்வரை சூடுகாட்டிக் கழுவி, டிக் வெல்டிங்கில் ஒட்டு வைத்தோம். ஆறாம் ஸ்லீவ் புதுசு. பிளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவைக் குளிரவைத்து இறக்கினால் தானாக உட்காரும். வெல்டிங் சூட்டில் பிளாக் எங்கேயாவது இழுத்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு மெயின் பேரிங் துளைகளின் நேர்கோட்டை அளக்க வேண்டும். இதில் இழுத்திருந்தது, லைன் ஹோனிங் செய்து (ஒரே கோட்டில் தேய்த்து) சரியாக்கினோம். பிறகு டெக்கை, அதாவது ஹெட் உட்காரும் மேல்தளத்தை, சமன் செய்து, ஹெட்டுக்குப் பதிலாக டார்க் பிளேட் என்ற கனத்த தகட்டை ஹெட் போல்ட்டுகளோடு இறுக்கிய நிலையில் சிலிண்டர் ஹோனிங். ஹெட்டை இறுக்கும்போது போர் (சிலிண்டர் துளை) சற்றே நெளியும். அந்த நெளிந்த நிலையில் வட்டமாக இருந்தால்தான் ரிங் உட்காரும்.

கேம்ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் காட்டினால் வளைவு தெரிந்தது. ராடு போகிற வழியில் அதையும் தட்டியிருக்கிறது. ஹெட்டில் விரிசல் தேடச் சாய ஊடுருவல் சோதனை, எட்டு சிலிண்டர் வால்வுகளுக்கும் வேக்குவம் சோதனை. பலர் தவறவிடும் ஒன்று உண்டு: வெடித்த சிலிண்டரின் பிஸ்டன் துணுக்குகள் இன்டேக் வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குள் எகிறி, அங்கிருந்து அடுத்த சிலிண்டர்கள் உறிஞ்சிக்கொள்ளும். இங்கே எட்டாம் பிஸ்டன் தலையில் குத்தின தடம் இருந்தது, வால்வு ஒன்று சற்றே வளைந்திருந்தது. அதைப் பார்க்காமல் கட்டியிருந்தால் மூன்றாவது வெடிப்பு எட்டில்.

கழுவுவது பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஆயில் கூலரைக் கழுவ முடியாது, தூக்கி எறியுங்கள். அதன் மெல்லிய பாதைகளில் சிக்கிய துகள் எந்தக் கரைசலுக்கும் முழுதாக வராது, இன்ஜின் சூடேறியதும் தானாக வரும், நேராகப் புது பேரிங்குக்குள். ரப்பர் குழாய்களும் அப்படியே. ஆயிலைத் தனியே வைத்திருக்கும் டிரை சம்ப் தொட்டியைப் பிரித்துத் தட்டுத் தட்டாகத் துடைத்தோம். பிளாக்கின் ஆயில் பாதைகளில் உள்ள அடைப்பு பிளக் எல்லாவற்றையும் கழற்றி, நீள பிரஷ் விட்டு, சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணி உள்ளே போய் வெள்ளையாகவே வெளியே வரும்வரை. ஆயில் பம்ப்பையும் திறந்து கியரில் கீறல் பார்க்க வேண்டும். வெடித்த இன்ஜினின் குப்பை முதலில் போகும் இடம் அதுதான்.

அளவுகளில் நான் பிடிவாதமாக இருக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்போம். பேரிங் இடைவெளிக்குப் பொதுக் கணக்கு, ஜர்னல் (பேரிங் உட்காரும் கிராங்க் தண்டுப் பகுதி) விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ, ரேஸ் இன்ஜின் என்றால் மேலே அரை தௌ. 2.2 அங்குல ஜர்னலுக்கு 2.7 தௌ வரும். இதை மைக்ரோமீட்டரும் டயல் போர் கேஜும் வைத்து அளக்க வேண்டும். நசுக்கிப் பார்க்கும் பிளாஸ்டிக் இழை ஒரு குத்துமதிப்புக்குத்தான். ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சை நம்பி இறுக்குவதில்லை. மரையிலும் தலைக்குக் கீழும் தடவும் பசைக்குத் தக்கபடி டார்க் ஏமாற்றும், ஆனால் போல்ட்டு எவ்வளவு நீண்டது என்பது ஏமாற்றாது. ஸ்ட்ரெச் கேஜ் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன நீட்சிக்கு இறுக்குகிறோம். ஒவ்வொரு போல்ட்டின் சும்மா இருக்கும் நீளத்தையும் முதலிலேயே எழுதி வைத்தால், அடுத்த முறை கழற்றும்போது ஒரு தௌ நீண்டிருந்தாலும் குப்பைக்குப் போட்டுவிடலாம்.

இந்தப் போல்ட்டு விஷயத்தில் ஒன்று. ராடு அதிகம் இழுபடுவது முழு த்ராட்டிலில் இல்லை, முடிவுக் கோட்டைத் தாண்டி உச்ச ஆர்.பி.எம்.மில் காலைத் தூக்கும் கணத்தில். மேலே ஏறும் பிஸ்டனை மெத்தைபோலத் தடுக்க அப்போது சிலிண்டரில் அழுத்தம் இல்லை, முழுச் சுமையும் போல்ட்டில். அந்தச் சுமை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 7000-இலிருந்து 8000 ஆர்.பி.எம்.முக்குப் போனால் வேகம் ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது, சுமை 30 சதவீதம் கூடிவிடுகிறது. "கொஞ்சம் லிமிட்டரை ஏத்துவோம்" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

பிஸ்டன் ரிங்கின் முனை இடைவெளி, போர் விட்டம் ஒரு அங்குலத்துக்கு 4.5 தௌ அளவில் வைத்தோம்; நைட்ரஸ் வாயுவோ டர்போ பூஸ்ட்டோ இருந்தால் கூட்ட வேண்டும். குறைவாக வைத்தால் சூட்டில் முனைகள் முட்டி பிஸ்டன் தலையையே பிய்த்து எடுக்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே களிமண் வைத்துச் சுற்றிப் பார்த்து, இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்டில் 100 தௌ இருப்பதை உறுதி செய்தோம். புது பிஸ்டன், ராடு எடை பழையதோடு ஒத்துப்போகாது, ஆகவே கிராங்க்கை மறுபடி பேலன்ஸ் செய்யாமல் உள்ளே விடக்கூடாது.

ஓட்டிப் பார்த்தது

ஸ்டார்ட் செய்யும் முன் டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, எல்லா ராக்கருக்கும் ஆயில் வரும்வரை விட்டோம். சூடேற்றி அணைத்து, லேஷ், லீக்டவுன் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது), ஃபில்டர் மூன்றையும் பார்த்தோம். லீக்டவுனில் எண்ணைவிடக் காது முக்கியம்: காற்று இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, பிரீதரில் (கிராங்க் அறையின் காற்றுத் துளை) வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

தடத்தில் முதல் ஓட்டம் முழு 1320 அடிக்கு (கால் மைல்) இல்லை. 330 அடி, அங்கேயே அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து எட்டு பிளக்கையும் பார்ப்பது. அணைக்காமல் ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்தால் பிளக் ஐடிலின் கதையைச் சொல்லும், ஓட்டத்தின் கதையைச் சொல்லாது. பிறகு 660 அடி. அதற்குப் பிறகுதான் முழு ஓட்டம். பில் பழைய அளவுக்கே திரும்பியது. எட்டு குழாயிலும் தனித்தனி எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார் வைக்கும்வரை ஸ்பார்க் டைமிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓட்டுநர் முணுமுணுத்தார், ஆனால் வைத்தார்.

நைட்ரோமெத்தேன் ஊற்றி ஓடும் டாப் ஃப்யூயல் வண்டிகளைப் பார்த்துவிட்டு, "அவங்க ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவுலேயே பிரிச்சுக் கட்டுறாங்களே" என்று பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. 2008 முதல் அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. போட்டிகளில் அவை 1000 அடிதான் ஓடுகின்றன, ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹெட்டைத் தூக்கி, பிஸ்டன், ராடு, பேரிங் எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே வேகத்தைவிட எனக்குப் பிடித்தது கணக்கு. எந்த ராடு எத்தனை ஓட்டம் ஓடியது என்று எழுதியிருக்கும், எண்ணிக்கை முடிந்தால் நல்ல ராடும் வெளியே போய்விடும். அலுமினியம் ராடு அதிர்ச்சியை உள்வாங்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும், அதனால் அங்கே இந்தக் கணக்கு உயிர்நாடி. நம்மைப் போன்ற சின்ன டீமுக்கு அத்தனை ராடு வாங்க வசதியில்லை. ஒரு நோட்டும் பேனாவும் வாங்க முடியும். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு. பத்து சதவீதம் சரிந்திருந்தால் மாற்று. இதற்கெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம்.

அந்த வி8-இன் நோட்டில் இப்போது புதிதாக ஒரு பக்கம் இருக்கிறது. ரேஸ் முடிந்த அன்றே மெத்தனாலை முழுவதும் வடிக்க வேண்டும். மேல் சிலிண்டர் ஆயில் (எரிபொருளில் கலக்கும் மசகு எண்ணெய்) கலந்த பெட்ரோலை லைனில் விட்டு ஒரு நிமிடம் ஓட்டி அணைக்க வேண்டும். மெத்தனால் கலந்து பால் நிறமாகிய இன்ஜின் ஆயிலை அன்றைக்கே மாற்ற வேண்டும். நாசில் எட்டையும் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்து, எண் எழுதிய தனித்தனி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் வண்டிக்கு உறை போட வேண்டும். ஆறாம் சிலிண்டரின் ராடு பேரிங்கை மட்டும் மற்றவற்றுக்கு முன்பாகவே கழற்றி மேல் ஷெல்லைப் பார்க்கிறோம். இதுவரை சாம்பல் நிறம்தான்.